பெற்றோல் வகுப்பில் ஒரு பெயர்

பேரின்பநாதனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. யோசெப்பினக்கா மன்னித்தாரா என்று என்னைக் கேட்கவேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் றோசா. மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. பகல் முழுக்கப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரெஞ்சில் கொஞ்சுவேன். கோபம் வந்தால் மட்டும் எனக்குத் தமிழ்தான் வரும். இதைச் சொல்லும்போதும் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோசெப்பினக்கா குருநகர்க்காரி. ஐந்தடிகூட இல்லை, நாற்பத்திநான்கு கிலோ. கலியாணம் கட்டவில்லை. தகப்பன் படகு இயந்திரம் திருத்தியவர், அதனால் சின்ன வயதிலேயே ஸ்பானர் பிடித்த கை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை போட்டார்களே, அந்தக் காலத்தில் அக்கா ஒரு ஹொண்டா நைன்ரி மோட்டார் சைக்கிளில் மருத்துவிச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிள்ளைப்பேறு பார்க்கும் வீடுகளுக்கெல்லாம் ஓடினார். ஓடியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓடும், ஆனால் குளிர்ந்து கிடந்தால் உயிர் வராது. அதற்காக ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு சின்ன மருந்துப் போத்தல், அதற்குள் இரண்டு விரற்கடை பெற்றோல். காபரேற்றரின் வாயில் நாலு துளி விட்டு உதைத்தால் பிடித்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பால் பருக்குவதுபோல இருப்பதால் அந்தப் போத்தலைச் சூப்பி என்போம்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தாறு வருடம் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எவரும், இயந்திரம் பிடிக்காவிட்டால் யோசிக்கமாட்டார்கள். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். மொன்றியலில் மூலைக்கு மூலை பெற்றோல் கிடைத்த பிறகும் அக்காவின் பையில் சூப்பி இருந்தது. பேரின்பநாதனின் கராஜில் ஒன்றல்ல, மூன்று இருந்தன.

கராஜ் லாசாலில். இரண்டாயிரமாம் ஆண்டு அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தது கூட்டித் துடைக்க. மூன்றாம் நாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "அண்ணை, உதில பிழை பிளக் இல்லை. காபரேற்றருக்குள்ள ஊத்தை," என்றிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் ஊத்தைதான். அன்றிலிருந்து பழைய மோட்டார் சைக்கிள் எது வந்தாலும் அக்காவின் கையில்தான். கூட்டுவதும் துடைப்பதும் நின்றதா? அதுவும் இல்லை. காலையில் தரை துடைப்பார், பிறகு கையைக் கழுவிவிட்டுக் காபரேற்றரைப் பிரிப்பார்.

பேரின்பநாதனுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது அந்தக் காலத்தில்தான். எல்லைக்கு அங்கால், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கைவிட்ட விமான ஓடுபாதை ஒன்றில், தொழில்முறைக்காரர் அல்லாத ஆட்கள் கூடி வருடத்துக்கு ஒருமுறை வேகம் பார்ப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொருவராக, ஒரு மைல் தூரம், கடைசியில் கருவி வேகத்தை எழுதும். பரிசு கிடையாது. வகுப்பு வகுப்பாக, எவர் அதிவேகமோ அவருடைய பெயரை ஒரு பெரிய வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். அடுத்த வருடம் ஒருவர் முந்தும்வரை அந்தப் பெயர் அங்கே இருக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பலகைக்காக அக்கா ஒரு குளிர்காலம் முழுக்க நூற்றிருபத்தைந்து சீசீ ஹொண்டா ஒன்றைச் செதுக்கிச் செதுக்கி எடுத்தார். "யோசெப்பின், நீர்தான் பாரம் குறைஞ்ச ஆள். நீர்தான் ஓடுறீர். பலகையில உம்மட பேர்தான்," என்று பேரின்பநாதன் வாய் கிழியச் சொன்னார். அக்கா நம்பினார். ஹெல்மெற்றைத் தலைக்கு அளவாக வாங்கி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தார்.

2006 செப்ரெம்பர், போகவேண்டிய நாள் விடிய ஐந்து மணிக்கு அக்கா ஹெல்மெற் பையோடு கராஜ் வாசலில் நின்றார். ஏழு மணிவரை நின்றார். பேரின்பநாதனும் ஆட்களும் முதல்நாள் பின்னேரமே போய்விட்டார்கள். ஓடியது அவருடைய மருமகன் நிஷான். மணிக்கு எண்பத்தொரு மைல். பலகையில் ஓடியவர் பெயர் நிஷான், இயந்திரம் செய்தவர் பெயர் பேரின்பநாதன். தமிழ்ப் பத்திரிகையில் கால் பக்கம் படம் வேறு. கண்டறியாத சாதனை!

அதையாவது அக்கா விழுங்கியிருப்பார். மாதா கோயில் திருநாள் மத்தியானச் சாப்பாட்டில் நடந்ததை விழுங்க முடியவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள். பேரின்பநாதனுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கூட்டத்தில் இருந்து ஒருவர், "அண்ணை, உங்கட கராஜில யோசெப்பின் எண்டு ஒரு பிள்ளை நல்லாத் திருத்துமாம், அவவோ செய்தது?" என்று கேட்டார்.

பேரின்பநாதன் சிரித்தார். "யோசெப்பினோ? அவ கடை கூட்டித் துடைக்கிறவ. தடைக்கால மண்ணெண்ணெய் மணம் இன்னும் அவவில போகேல்லை. அவவை ஓட விட்டா வெள்ளைக்காரன் மூக்கைப் பொத்துவான்!"

மண்டபமே சிரித்தது. அத்தனை பேரும் பத்து வருடத்துக்கு முன் அதே மண்ணெண்ணெயில் ஓடியவர்கள், நன்றிகெட்டவர்கள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையில் வைத்திருந்த சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தார். சோற்றில் வைத்த கை அப்படியே கிடந்தது, ஒரு பருக்கை வாய்க்குப் போகவில்லை. எழும்பி வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

பஸ் தரிப்பில் வைத்து அக்கா சொன்னார், "றோசா, உழைச்சதை எடுத்ததுக்கு நான் அழமாட்டன். சனத்துக்கு முன்னால என்னைத் துடைச்செறிஞ்சான். அவன்ர பேரை அந்தப் பலகையில இருந்து நான் அழிப்பன். மாதாவாணை அழிப்பன்."

அடுத்த நாள் கராஜ் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கறிவேப்பிலையாகப் பாவித்து எறிந்தவரை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. நானாக இருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். யோசெப்பினக்கா நின்று கொல்லும் சாதி.

என் வீட்டுக் கராஜிலிருந்து எங்கள் கார் வெளியே போனது, ஒரு துருப்பிடித்த நூற்றிருபத்தைந்து சீசீ ஹொண்டா உள்ளே வந்தது. என் மனுசன் காரில் பனி வழிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டேன்.

முதல் வேலை எரிபொருளைத் தெரிவு செய்வது. விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் நூறு பக்கம். குசினி மேசையில் வைத்து நான் வாசித்துச் சொல்ல, அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார். இரண்டு வழி இருந்தது. ஒன்று பெற்றோல் வகுப்பு. ஓட்டத்தை நடத்தும் கழகம் அங்கேயே பீப்பாயில் வைத்து விற்கும் பெற்றோலைத்தான் ஊற்றவேண்டும். ஊற்றியதும் தாங்கி மூடியில் கம்பி சுற்றி ஈய முத்திரை குத்துவார்கள். பிறகு ஒரு கருவியை விட்டுப் பார்ப்பார்கள், வேறு எதுவும் கலந்திருந்தால் முள் அசைந்து காட்டிக்கொடுக்கும். மற்றது திறந்த வகுப்பு. மெதனோலோ நைற்றோவோ, என்ன சனியனையும் ஊற்றலாம், கேள்வி இல்லை.

நான் துள்ளினேன். "அக்கா, திறந்த வகுப்பில இந்த அளவு எஞ்சினுக்கு ஒருத்தற்ற பேரும் இல்லை! நீங்கள் சும்மா உருட்டிக்கொண்டு போனாலே பேர் எழுதுவாங்கள். மெதனோலை ஊத்துங்கோ, பறக்கும்."

அக்கா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விசரே உனக்கு? அங்க அவன்ர பேர் இல்லை. இல்லாத பேரை எப்பிடி அழிக்கிறது? அவன் நிக்கிறது பெற்றோல் வகுப்பில. அந்தப் பீப்பாயில இருந்து, அவன் ஊத்தின அதே பெற்றோலை ஊத்தி, அவனைவிட ஒரு மைலெண்டாலும் கூட ஓடவேணும்."

அத்தோடு தெரிவு முடிந்தது. பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "றோசா, அவங்களுக்கு ஒரு கடிதம் போடு. தாங்கி சரி. எஞ்சின் பிடிக்கேல்லை எண்டு காபரேற்றருக்குள்ள நாலு துளி விட்டா, அதுவும் குற்றமோ எண்டு கேள்."

கேட்டு எழுதினேன். இரண்டு கிழமையில் மறுமொழி வந்தது. எந்த வழியால் உள்ளே போனாலும் எரிபொருள் எரிபொருள்தான், முத்திரை குத்திய தாங்கியில் இல்லாத ஒரு துளி போனாலும் அந்த வருட ஓட்டத்திலிருந்து விலக்கு என்று எழுதியிருந்தார்கள். வாசித்துச் சொன்னதும் அக்கா சிரித்தார். திருநாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைக் கண்டேன். ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்தப் பெற்றோல் எங்கள் தெருப் பெற்றோல் இல்லை. தெருவில் விற்பதில் அற்ககோல் என்ற எரிசாராயம் கலந்திருக்கலாம், அதற்கே முள் அசையும் என்று கடிதத்தில் இருந்தது. அங்கே விற்பது என்ன வகை என்றும் எழுதியிருந்தார்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கால்வாய் ஓரம் படகு இயந்திரம் திருத்தும் ஒருவரிடம் அதே வகை இருப்பதாகத் தேடிப் பிடித்து, ஒரு கான் வாங்கி வந்தோம். அக்கா மூடியைத் திறந்து கண்ணை மூடி மணந்தார். "இது வேற சாமான்," என்றார். அதுவரை வைத்திருந்த கணக்கெல்லாம் பிழை. காபரேற்றரின் பித்தளைத் துளைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டார்.

ஓட்டிப் பார்த்தது லாசாலில், தொழிற்சாலைகளுக்கு இடையில் உள்ள நேர் தெருவில். ஞாயிறு காலைகளில் மட்டும். அந்த நேரம் தெரு வெறிச்சென்று கிடக்கும், எங்கள் சனம் முழுக்கப் பூசையில் இருக்கும். அக்கா ஓடிவந்து நிறுத்துவார், பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். வெளிறியிருந்தால் பட்டினி, கறுத்திருந்தால் அமிதம் என்பார். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கவேணும் றோசா," என்று மீண்டும் துளையை மாற்றுவார். பங்குச் சாமி ஒருநாள் வழிமறித்து, "யோசெப்பின், பூசைக்குக் காணேல்லையே?" என்றார். "பேந்து வந்து மொத்தமா பாவசங்கீர்த்தனம் செய்யிறன் சாமி. இன்னும் செய்து முடியேல்லை," என்றார் அக்கா.

2007 செப்ரெம்பரில் மேய்னுக்குப் போனோம். விடிய நல்ல குளிர், ஓடுபாதைக்கு மேல் வெள்ளைப் பனிப்புகார். பலகையில் போன வருடப் பெயர் அப்படியே இருந்தது. அக்கா அதற்கு முன்னால் போய் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

பேரின்பநாதனும் வந்திருந்தார், நிஷானோடு. இருவருக்கும் புதுத் தோல் உடுப்பு. எங்களைக் கண்டதும், "ஆ, யோசெப்பின்! நீரும் ஓடப் போறீரோ? நல்லது, நல்லது," என்று தோளில் தட்டாத குறை. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என் கையைக் கிள்ளினார்.

பீப்பாயில் பெற்றோல் வாங்கி ஊற்றினோம். வெள்ளைத் தாடி வைத்த பரிசோதகர் கம்பி சுற்றி முத்திரை குத்தினார். அவர்களுடையதற்கும் குத்தினார். வரிசையில் நிஷான் முன்னால், அக்கா அடுத்தது.

நிஷான் உதைத்தார். பிடிக்கவில்லை. இருபது தரம் உதைத்தார், வியர்த்து ஊற்றியது, இயந்திரம் செத்த பிணமாகக் கிடந்தது. அக்கா விட்டுவந்த பிறகு அந்தக் காபரேற்றரை ஒழுங்காகப் பார்க்கத்தான் அங்கே ஆளில்லையே. முறை தவறப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பேரின்பநாதன் தன்னுடைய சட்டைப்பையைத் தடவினார். புதுத் தோல் உடுப்பு, பை காலி. எங்களிடம் ஓடிவந்தார்.

"யோசெப்பின், பிள்ளை, கோவத்தை விடும். இது பிடிக்குதில்லை. என்ன செய்வம்?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாந்தமாக, "சூப்பி இல்லையே அண்ணை?" என்றார். தன்னுடைய பையில் கைவிட்டு, அந்தச் சின்னப் போத்தலை எடுத்து அவர் கையில் வைத்தார். "இந்தாங்கோ. லாசால் பெற்றோல்தான்."

அந்தாள் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். அக்கா என் பக்கம் திரும்பி, "றோசா, என்ர முத்திரைக் கம்பி கொஞ்சம் இளகின மாதிரிக் கிடக்கு. அந்தத் தாடிக்காரரை உடன கூட்டிக்கொண்டு வந்து காட்டு," என்றார்.

மாதாவே, எனக்கு அப்போதும் விளங்கவில்லை! போய்க் கூட்டிவந்தேன். தாடிக்காரர் எங்கள் முத்திரையைக் குனிந்து பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று நிமிர்ந்தார். நிமிர்ந்த கண்ணுக்கு நேரே, நாலு முழத் தூரத்தில், பேரின்பநாதன் போத்தலைக் கவிழ்த்துக் காபரேற்றரின் வாயில் துளி விட்டுக்கொண்டு நின்றார். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. அது களவு என்ற எண்ணமே அந்த மனிசனுக்கு இல்லை. பிறகு நிஷான் ஒரே உதை. இயந்திரம் முழங்கியது. பேரின்பநாதனின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

தாடிக்காரர் போய்த் திறப்பைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். போத்தலை வாங்கி மணந்தார். கருவியைக் கொண்டுவரச் சொல்லிப் போத்தலில் மிஞ்சியிருந்ததற்குள் விட்டார். முள் ஒரு மூலைக்கே ஓடிவிட்டது.

"ஸ்ரார்ட் பண்ணத்தானே விட்டனான்! ஓடுறதுக்கு இல்லையே!" என்று பேரின்பநாதன் தமிழில் கத்தினார். பதற்றத்தில் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை, நான்தான் மொழிபெயர்த்தேன். எந்த வழியால் போனாலும் எரிபொருள்தான் என்றார் தாடிக்காரர், கடிதத்தில் எழுதியதுபோலவே. "போத்தல் அவவின்ர! அவதான் தந்தவ!" என்று அக்காவைக் கைகாட்டினார் பேரின்பநாதன். அதையும் மொழிபெயர்த்தேன்.

தாடிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா மறைக்கவில்லை. "ஓம், என்ர போத்தல்தான். கேட்டவர், குடுத்தனான். என்ர எஞ்சினுக்குள்ள ஒரு துளி விடேல்லை. வேணுமெண்டால் கழட்டிப் பாக்கச் சொல்லு." கழற்றிப் பார்த்தார்கள். சுத்தம். போத்தல் யாருடையது என்பதற்கு விதி இல்லை, எந்த இயந்திரத்துக்குள் போனது என்பதற்குத்தான் விதி இருந்தது. நிஷானின் ஹொண்டாவை வரிசையிலிருந்து தள்ளிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அப்போதுதான் கடிதமும் சிரிப்பும் தாடிக்காரரும் ஒன்றாகப் பொருந்தின. உண்மையைச் சொன்னால் எனக்குப் பரிதாபம் வரவில்லை. நெஞ்சு குளிர்ந்தது.

ஆனால் பழைய பெயர் இன்னும் பலகையில்தான் இருந்தது. இந்த வருடம் விலக்கினாலும் போன வருடத்து எண்பத்தொன்று நிற்கிறதே. அதை ஓடித்தான் அழிக்கவேண்டும்.

அக்காவின் முறை. ஹெல்மெற்றை மாட்டி ஏறி உதைத்தார். பிடிக்கவில்லை. இரண்டாம் உதை, மூன்றாம் உதை. குளிர் எங்கள் இயந்திரத்துக்கும் அதே குளிர்தானே. ஐந்தாவது உதைக்குப் பிறகு நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அக்காவின் வலது கை பிடியை விட்டு எழும்பி, தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஒரு வருடம் முழுக்க அந்த விதியை மனப்பாடம் செய்த மனிசியின் கை! தாடிக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்.

கை பைக்குள் போனது, துழாவியது, வெறுங்கையாக வெளியே வந்தது. போத்தல்தான் பேரின்பநாதனிடம் போய்விட்டதே. அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ஹெல்மெற்றின் முகக் கண்ணாடிக்குள் அவர் முகம் வெளிறிப் போனதைக் கண்டேன்.

"றோசா, தள்ளு!" என்றார்.

தள்ளினேன். கார்டெரியில் பிள்ளை தூக்கி உரமேறிய தோள் இது, உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். பத்து அடி, இருபது அடி, இரும்பு ஒருதரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. கோட்டில் நிறுத்தி, கொடி விழ, அக்கா தாங்கியோடு தாங்கியாகப் படுத்தார். புகாருக்குள் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, பிறகு சத்தம் மட்டும், பிறகு அதுவும் இல்லை. நான் செபமாலையை எடுத்தேன். பழிவாங்கலுக்குச் செபிக்கலாமா என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஒலிபெருக்கி சொன்னது: எண்பத்து மூன்று மைலும் அரையும்.

தாங்கியில் கருவியை விட்டார்கள். முள் அசையவில்லை. தாடிக்காரர் அக்காவின் கையைக் குலுக்கிவிட்டு, பலகையில் பெயரை மாற்றத் துணியும் பேனையும் எடுத்தார். அக்கா என் காதில், "நானே அழிக்கலாமோ எண்டு கேள்," என்றார். கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பேரின்பநாதன் தன் வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரிடம் போய், "அண்ணை, ஒருக்கா வாங்கோ," என்று கூப்பிட்டார். ஏன் என்று தெரியாமலே அந்தாள் பின்னால் வந்தார். கையில், தாடிக்காரர் ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்த வெறும் போத்தல்.

அக்கா தாடிக்காரர் நீட்டிய துணியை வாங்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு பழைய நீலத் துணியை எடுத்தார். லாசால் கராஜின் தரை துடைத்த துணி. வேலையை விட்ட அன்று திறப்பைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் கொண்டுவந்திருக்கிறார், எனக்கே தெரியாது. பலகை உயரம், அக்காவுக்கு எட்டவில்லை. எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை உருட்டிவந்து அதன்மேல் ஏறி நின்றார்.

"நான் கடை கூட்டித் துடைக்கிறவதானே அண்ணை," என்றார். "இதையும் துடைச்சுவிடுறன்."

ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தார். பேரின்பநாதன் கடைசி எழுத்துப் போகும்வரை அங்கேயே நின்று பார்த்தார்.